ஐயாவின் கோடித்துணி

ஒரு மனிதரின் சாவுத்துணியில் கலப்படம் செய்தவன் நான். பாலில் தண்ணீர் ஊற்றியவர்களும் மிளகில் பப்பாளி விதை சேர்த்தவர்களும் என்னை நினைத்து ஆறுதல் அடையலாம்.

இரண்டாயிரங்களின் தொடக்கம். எனக்கு இருபத்தெட்டு வயது. சிவகாசியில் காலண்டர் அடிக்கும் கம்பெனி ஒன்றில் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். அமாவாசையைப் பௌர்ணமி என்று விட்டுவிட்டதற்காக (ஒரே ஒரு மாதம்தான்) முதலாளி சத்தம் போட, வேலையை எறிந்துவிட்டு வந்தேன். தியாகிகளின் வாழ்க்கை வரலாறுகளாகப் படித்துத் தலை வீங்கியிருந்த சமயம். ஆனைக்குட்டம் போகும் வழியில் ஓர் ஆசிரமம் இருந்தது. தேசப்பிதாவின் ஆசிரமத்தில் இளம் வயதில் இரண்டு வருடம் இருந்துவிட்டு வந்த ஒரு பெரியவர், அங்கே கண்ட அன்றாட ஒழுங்கை அப்படியே இங்கே நடத்திக்கொண்டிருந்தார். எல்லோருக்கும் அவர் ‘ஐயா’. எண்பதை நெருங்கியவர், சர்க்கரைக்காரர். அவரோடு சேர்த்துப் பதினோரு பேர். நாட்டுக்குப் பன்னிரண்டாவது ஆள் தேவைப்படுவதாக எனக்குத் தோன்றியது.

விடியற்காலை நாலு மணிக்குப் பிரார்த்தனை. பிறகு கக்கூஸ் கழுவுதல். உப்பும் காரமும் குறைந்த (குறைந்த என்பது மரியாதைக்காக) கஞ்சி. திங்கட்கிழமை முழுநாள் மௌனம். அந்த மௌனத்தின் நடுவே எம். புதுப்பட்டிப் பட்டாசுக் கம்பெனிகள் பக்கமிருந்து வெடிச் சத்தம் கேட்கும். சோதனை வெடியா, விபத்தா என்று வாய்விட்டுக் கேட்க முடியாது. புகை எழும்புகிறதா என்று பார்த்துவிட்டு மறுபடி கண்ணை மூடுவோம்.

இதையெல்லாம்கூடத் தாங்கிவிடலாம். மாலைப் பிரார்த்தனை முடிந்ததும் ஐயா பெயர் வாசிப்பார். ‘உள்ளேன்’ என்று சொல்லித் தப்பிக்க முடியாது. அன்று ராட்டையில் எத்தனை சுற்று நூல் நூற்றோமோ அந்த எண்ணைச் சொல்ல வேண்டும். அதுதான் ஆஜர்.

சமையல் பார்த்த சண்முகத்தாய் அக்கா “நானூறு” என்பார். பட்டாசுக் கம்பெனி விபத்தில் வலது கையில் இரண்டு விரல்களைக் கொடுத்துவிட்டு இங்கே வந்தவர். பத்து விரலும் பத்திரமாக இருந்த நான் “பன்னிரண்டு” என்பேன். என் நூல் ஓரிடத்தில் மயிரிழை, அடுத்த சாணில் தாம்புக் கயிறு.

“தம்பி, நூலு நூக்கீகளா, மாடு கட்டப் போறீகளா?” என்று கேட்பார் அக்கா.

மூன்றாவது வாரம், விளக்குமாறு வாங்கி வர என்னைச் சிவகாசிக்கு அனுப்பினார்கள். வாங்கினேன். கூடவே ஒரு கடையில் மில் நூலும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். அதைக் கொஞ்சங் கொஞ்சமாக, ராட்டையில் நூற்ற நூலைக் கற்றை கட்டுவதுபோல், சிட்டங்களாகச் சுற்றிவைத்து, மாலையில் தொண்டையைச் செருமிக்கொண்டு “இருநூற்று நாற்பது” என்றேன்.

ஐயா சிட்டத்தைத் தடவிப் பார்த்தார். “இம்புட்டு நாளும் தம்பி மனசு ஓடிக்கிட்டே இருந்துச்சு. இன்னைக்கி நின்னுருச்சு. நூலப் பாத்தாலே தெரியுதுல்ல?”

எனக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும். பெருமைதான் வந்தது.

பத்து நாள் இப்படியே ஓடியது. பதினோராம் நாள் ஐயா என் சிட்டங்களையெல்லாம் மடியில் வைத்துக்கொண்டு எல்லோரிடமும் சொன்னார்: “இந்த நூல என் கோடித்துணிக்கு எடுத்து வைங்க. விவரம் தெரிஞ்ச நாள்லருந்து மில் துணி இந்த உடம்புல பட்டதில்ல. போறப்பயும் படாமப் போயிருவேன்.”

மறுநாள் சண்முகத்தாய் அக்கா அடுக்களைக்குள் கூப்பிட்டார். கையில் என் சிட்டம். மிச்சமிருந்த விரல்களுக்கிடையே அதை உருட்டினார்.

“பதினாலு வருசம் இந்த நூலுல மருந்தேத்தித் திரி போட்டவ நான். எங்கிட்டயேவா?”

“அக்கா...”

“ஐயாவத் திரியில சுத்தியா அனுப்பப் போறீக? கொள்ளி வச்சதும் சர்ருன்னு மேல போயிருவாகன்னு பாக்கீகளா?” சிரித்தார். சட்டென்று நிறுத்திக்கொண்டார். “நாஞ் சொல்ல மாட்டேன். நாளான்னைக்கி இது தறிக்குப் போகுது. அதுக்குள்ள நீங்களே சொல்லிருங்க.”

அன்று மாலை என் பெயர் வந்தது. “சுழி” என்றேன்.

“இன்னைக்கு நூக்கலையா?”

“பத்து நாளாவே நூக்கல, ஐயா. அது கடையில வாங்குன மில் நூலு.”

கழுத்தைப் பிடித்துத் தள்ளுவார்கள் என்று எதிர்பார்த்து மூட்டையைக்கூடக் கட்டி வைத்திருந்தேன். ஐயா பெயர் வாசிப்பதை நிறுத்தினார். பிறகு, “பொய் சொன்னாத்தான் இங்கன இருக்க முடியும்னு உங்களுக்குத் தோணிருக்கு. அது எந் தப்பு. மூணு நாள் நான் சாப்பிடல” என்றார். எனக்கும் தண்டனை உண்டு. மூன்று வேளையும் அவர் எதிரில் உட்கார்ந்து நான் சாப்பிட வேண்டும்.

இரண்டாம் நாள் மத்தியானம் கிணற்றடிக்குப் போன ஐயா அப்படியே சரிந்தார். சாத்தூரிலிருந்து டாக்டர் வந்து குளுக்கோஸ் ஏற்றினார். ஏற்றிக்கொண்டே கத்தினார்: “சர்க்கரக்காரரப் பட்டினி போட்ட புண்ணியவான் யாருய்யா?”

அன்று திங்கட்கிழமை. யாரும் வாய் திறக்கவில்லை. பத்துப் பேரும் ஒழுங்காகத் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

பிழைத்து எழுந்த ஐயா, “நீங்களே நூத்துக் குடுங்க தம்பி. எனக்கு அவசரமில்ல” என்றார்.

எட்டு மாதம் நூற்றேன். என் வாழ்நாளில் அவ்வளவு நாள் வேறெதையும் செய்ததில்லை. கடைசிச் சிட்டத்தை அவர் கையில் வைத்தபோது, முடிச்சு முடிச்சாகத் தடவிப் பார்த்து, “இது உங்க நூலுதான்” என்றார். தறிக்காரர் என்னைத் திட்டிக்கொண்டே நெய்து அனுப்பினார். துணி வந்து சேர்ந்த பன்னிரண்டாம் நாள் ஐயா போய்விட்டார்.

விருதுநகரிலிருந்து துக்கத்துக்கு வந்த ஒருவர், “பெரிய மனுசன், ஏன்யா சாக்குல சுத்தி வச்சிருக்கீக?” என்று கேட்டார்.

“சாக்கு இல்ல. கை நூலு” என்று சொல்லிவிட்டு அக்கா அழுதார். நான் எழுந்து கக்கூஸ் கழுவப் போனேன். அன்றைக்கு அது என் முறை இல்லை.

கல்யாணமான புதிதில் இந்தக் கதையை மனைவியிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. கடைசிச் சிட்டத்தை நான் முடிக்காமல் இழுத்தடித்திருந்தால் ஐயா இன்னும் கொஞ்ச நாள் இருந்திருப்பார் என்பது அவள் கட்சி. (எனக்கும் சில நாள் அப்படித் தோன்றும். அதை நான் சொல்வதில்லை.) இன்றைக்கும் நான் எழுதியதையோ, தண்ணீர்த் தொட்டி கழுவியதையோ ‘முடித்துவிட்டேன்’ என்று வாய் தவறிச் சொன்னால் போதும், அம்மாவிடம் இந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த மகள் உள்ளேயிருந்து குரல் கொடுப்பாள்:

“அம்மா, அப்பா எதையோ முடிச்சிட்டாகளாம். ஊருல இருக்க தாத்தாவுக்கு ஒரு போனப் போட்டு, நல்லா இருக்காகளான்னு கேளு!”