மினிமம் அண்ணன் கடைந்த ஷாஃப்ட்

உத்திரமேரூர் வட்டாரத்திலேயே இரும்பைக் கண்டதும் காகிதத்தைத் தேடுகிற ஆள் ஒருவர்தான்: எங்கள் லேத் பட்டறை மினிமம் அண்ணன். எந்த வேலை வந்தாலும் "மினிமம் டைம் எவ்ளோனு பாத்துடலாம்" என்பார். அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும்.

இரும்பைச் சுற்றவிட்டுக் கடையும் லேத்தில் முடிவு செய்ய வேண்டியவை மூன்று. இரும்பு சுற்றும் வேகம், அதை வெட்டும் டூல் நகரும் வேகம், ஒரு தடவையில் வெட்டும் ஆழம். மூன்றையும் கூட்டினால் வேலை சீக்கிரம் முடியும். டூலும் சீக்கிரம் முடிந்துவிடும். நாங்கள் சத்தத்தைக் கேட்டுக் குத்துமதிப்பாக வைப்போம். அண்ணனோ லேப்டாப்பில் சமன்பாடு போட்டு, மூன்றுக்கும் சரியான அளவு கிடைத்த பிறகுதான் சுவிட்சைத் தொடுவார். டீ ஆற்றுவதற்குக்கூட ஒரு கிராஃப் வைத்திருந்தார்.

போன அறுவடையின்போது காவாந்தண்டலம் மல்லிகா அக்கா மூச்சிரைக்க வந்தார். அவர் வயலில் அறுப்பு மிஷினின் சுழல்தண்டான ஷாஃப்ட் உடைந்து, மிஷின் பாதியில் நின்றுவிட்டது. வானம் கருத்திருந்தது. சாயந்திரத்துக்குள் அறுக்காவிட்டால் நெல் சாய்ந்து முளைத்துவிடும். பட்டறையில் அந்தத் தடிமனுக்கு இருந்ததோ ஒரே ஒரு கம்பி.

அண்ணன் லேப்டாப்பைத் திறந்தார்.

"அண்ணே, இன்னா பண்ணிக்கினு கீற? மழ வருது!"

"அவசரத்துக்குத்தாம்மா கணக்கு. இருபது நிமிசத்துல முடிக்க வழி பாத்துக்கினு கீறேன்."

வழி பார்க்க முக்கால் மணி நேரம் ஆனது. சுவிட்சைப் போட்டார். டூல் இரும்பைத் தொட்டதும் லேத் முனகி நின்றது. டூல் முனை தெறித்து என் காலடியில் விழுந்தது. நல்லவேளை, கம்பியில் மேலாக ஒரு கீறல்தான். அக்கா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

அண்ணன் முகத்திலோ புதையல் கிடைத்த சந்தோஷம். "வோல்டேஜ் கொறையறத கணக்குல சேக்கல பாரு! சுத்தி எத்தினி பம்ப்செட் ஓடுதுனு தெரியணும்."

காக்கிச் சட்டையும் நோட்டுமாக வயலில் இறங்கினார். "உன் மோட்டார் எத்தினி ஹெச்.பி.?" என்று வரப்பிலிருந்தே கத்தினார். கரண்ட் ஆபீஸ் செக்கிங் என்று நினைத்து ஆளாளுக்கு மோட்டாரை நிறுத்திவிட்டார்கள். பட்டறையில் டியூப்லைட் பளிச்சென்று எரிந்தது.

"கேட்டதும் நிறுத்திட்டாங்க. இன்னா நல்ல ஜனங்க!" என்று உருகிக்கொண்டே வந்தவர் மறுபடி லேப்டாப் முன்னால் உட்கார்ந்தார். புது வோல்டேஜுக்குப் பழைய விடை செல்லாதாம். அக்கா அழுதேவிட்டார்.

இந்த முறை ஐந்து நிமிடத்தில் விடை வந்தது. புது முனை போட்டு ஓட்டினார். பதினெட்டே நிமிடம், ஷாஃப்டில் முகம் பார்க்கலாம். அதில் சிராய்ப்பு விழக் கூடாதென்று சட்டையைக் கழற்றிச் சுற்றிக்கொண்டு, பனியனோடு என் பைக்கில் ஏறினார்.

ஷாஃப்டை மாட்டியதும் மிஷின் ஓடியது. அறுப்பு முடிந்து கடைசி நடை நெல்லுக்குத் தார்ப்பாய் போட்டதும் மழை கொட்டியது. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "கணக்கே போடாம இருந்தா இன்னும் சீக்கிரம் முடிஞ்சிருக்கும்ணே."

"ஆமாம்மா. கணக்கு போடுற நேரத்தயும் கணக்குல சேக்கணும்" என்று அண்ணன் மழையில் நின்றபடியே நோட்டை எடுத்து அதை எழுதிக்கொண்டார். இந்த மனிதரை விட்டுவிட்டு வேறு பட்டறைக்குப் போக எனக்கு இன்றுவரை மனசு வரவில்லை.