மஞ்சள் டப்பாவைத் துறந்த கதை

"இனிமே இந்த வீட்டுக்குள்ள மஞ்சள் டப்பா வரக்கூடாது!"

ஞாயிற்றுக்கிழமை காலை, பல் தேய்த்த கையோடு கமா அறிவித்தான்.

கமா என்பது அச்சகத்தில் அவனுக்கு வைத்த பெயர். ஷாம்பு பாட்டில், இருமல் மருந்து, எறும்புப் பொடி என்று சகலத்துக்கும் லேபிள் அடிக்கும் அச்சகம். மெய்ப்பு பார்ப்பது அவன் வேலை. ஒரு கமா விட்டுப்போனாலும் அவனுக்குச் சோறு இறங்காது. குடும்பத்தில் முதல் பட்டதாரி. பட்டம் சுவரில் தொங்கியது. அதற்கு நேர் கீழே உட்கார்ந்துதான் எதையும் அறிவிப்பான்.

மஞ்சள் டப்பா என்பது காபியில் போடும் க்ரீமர் பவுடர். குவித்து மூன்று ஸ்பூன் போடாவிட்டால் அவனுக்குப் பொழுதே விடியாது.

"அது என்னங்க பாவம் பண்ணிச்சு?" என்றாள் மனைவி.

"பத்திரிகையில போட்டிருக்கான். இதுல சேர்க்கிற பாமாயில் எடுக்கிற தோட்டத்துல பொம்பளைங்களை விடியக்காலை நாலரைக்கே எழுப்பி விடறானாம். கூலி கிடையாது. ஒரு நல்ல வார்த்தை கிடையாது. எங்கம்மா அப்படித்தான் நாலு வீட்டுப் பாத்திரம் தேய்ச்சு என்னைப் படிக்க வெச்சாங்க. இது எனக்குத் தொண்டையில இறங்குமா?"

"நேத்து ரெண்டு டம்ளர் இறங்கிச்சே."

"நேத்து நான் படிக்கலை."

பொய் இல்லை. அவன் கண் நிஜமாகவே கலங்கியிருந்தது. அவளும் அதைப் பார்த்தாள்.

"சரிங்க. வேற ஏதாவது செஞ்சு பாக்கலாம்."

செய்தது அவள். பார்த்தது அவன்.

முதல் வாரம் ஓட்ஸ் பால். காபி பசையாகி, டம்ளரைக் கவிழ்த்தாலும் விழ மறுத்தது. அடுத்து சோயா. காபியில் பட்டதும் திரிந்து, மேகம் மேகமாக மிதந்தது. மூன்றாவதாக நிலக்கடலைப் பால். அதுதான் காபியோடு ஒத்துப்போனது. ராத்திரியே ஊறவைத்து, நாலரைக்கு எழுந்து, தோலுரித்து, அரைத்து, துணியில் பிழிந்து, அடிப்பிடிக்காமல் காய்ச்ச வேண்டும். அதற்குப் பிறகு அவள் குளித்து, மருந்துக் கடைக்குப் போய், ஒன்பது மணி நேரம் கல்லாவுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும்.

கமா போர்வைக்குள் படுத்தபடி மிக்ஸி சத்தத்தைக் கேட்பான். தன் மனசாட்சியே ஓடுவது போல அவனுக்கு ஒரு பெருமிதம்.

"ஒரு நாள் நீங்க அரைச்சா என்னங்க?"

"அரைச்சேனே!"

அரைத்தான். மூடியைப் போட மறந்தான். பட்டத்தின் கண்ணாடியில் கடலைப் புள்ளிகள் இன்னும் இருக்கின்றன.

கடலை அரைக்கத் தொடங்கிய மூன்று வாரத்தில் அவள் கண்ணுக்குக் கீழே கருவளையம் வந்தது. கடையில் சளி மாத்திரை கேட்டவருக்குப் பேதி மாத்திரை எடுத்துக் கொடுக்கப் போய், முதலாளியிடம் எல்லார் முன்னாலும் திட்டு வாங்கினாள். இன்னொரு தடவை நடந்தால் வேலை கிடையாது என்றார்.

அன்று சாயங்காலம் கமாவிடம் ஒரு தாளை நீட்டினாள்.

"இனிமே காபியில புதுசா ஒண்ணு போடப் போறேங்க. பாட்டில்ல ஒட்ட லேபிள் எழுதியிருக்கேன். நல்லாப் படிச்சுப் பாத்துக் குடுங்க."

லேபிள்! அவன் முகம் மலர்ந்தது. சிவப்புப் பேனாவை எடுத்தான்.

மெய்ப்பு பார்ப்பதில் ஒரு முறை உண்டு. கடைசி வார்த்தையில் தொடங்கி முதல் வார்த்தைக்குப் போக வேண்டும். முன்னாலிருந்து படித்தால் விஷயம் புரிந்துவிடும். விஷயம் புரிந்தால் கண் ஏமாந்துவிடும். கமா அப்படித்தான் பார்த்தான். இரண்டு இடத்தில் இடைவெளி கூட்டினான். அடியில் 'சரி. அச்சிடலாம்' என்று எழுதி, கையெழுத்தும் தேதியும் போட்டான்.

மறுநாள் மெஷின்காரர் சாப்பாட்டு இடைவேளையில் பத்து லேபிள் அடித்துக் கொடுத்தார். கொடுக்கும்போது விழுந்து விழுந்து சிரித்தார். ஏன் என்று கமா கேட்கவில்லை.

அடுத்த நாள் காலை, லேபிள் ஒட்டிய பாட்டிலிலிருந்து புதுக் காபி வந்தது. ஒரு வாய் குடித்தான். கண்ணை மூடினான்.

"பாத்தியா! நேர்மைக்கும் ருசி இருக்கு!"

"இருக்குங்க" என்றாள் அவள். ஆறரை வரை தூங்கிய முகம் தெளிவாக இருந்தது. மிக்ஸி சத்தம் நின்றுபோனதைக் கமா கவனிக்கவே இல்லை. லேபிளையும் திரும்பப் படிக்கவில்லை. அச்சான பிறகு படித்தால் தப்பு கண்ணில் பட்டுவிடும் என்பது அவன் பயம்.

ஒரு மாதம் போனது. பக்கத்து வீட்டு எலெக்ட்ரீஷியன் ஃபேன் மாட்ட வந்தான். கமா விடுவானா? காபியைக் கையில் கொடுத்து, தோட்டத்துப் பெண்களில் தொடங்கி, தன் அம்மாவில் அழுது, பாட்டிலில் வந்து முடித்தான்.

"யாரையும் கசக்கிப் பிழியாத காபி தம்பி இது. லேபிளைப் படி. நானே பாத்து கையெழுத்து போட்டது."

எலெக்ட்ரீஷியன் எழுத்துக் கூட்டிப் படித்தான். முன்னாலிருந்து படித்தான்.

"பழைய மஞ்சள் டப்பா பவுடர். தோட்டத்துப் பெண்களின் கஷ்டம் இதில் இப்போதும் இருக்கிறது. இந்த வீட்டுப் பெண்ணின் கஷ்டம் மட்டும் நீக்கப்பட்டது. ஆட்சேபம் இருந்தால் அச்சிடுவதற்கு முன் சொல்லவும்."

ஏணி மேல் ஏறிச் சிரித்துக்கொண்டான் அவன்.

"என்னை ஏமாத்திட்டே!" என்று மனைவி பக்கம் திரும்பினான் கமா.

"எழுதிக் குடுத்தேனே. 'சரி'ன்னு கையெழுத்து போட்டீங்களே."

"அந்தப் பொம்பளைங்க பாவம் இல்லையா?"

"பாவம்தாங்க. உங்கம்மாவும் பாவம்தான். நாலரைக்கு எழுந்திருக்கிற எல்லாரும் உங்களுக்குப் பாவம். நான் எழுந்தது மட்டும் மிக்ஸி சத்தமாத்தான் கேட்டுது."

கமா பட்டத்தைப் பார்த்தான். கடலைப் புள்ளிகள் திரும்பப் பார்த்தன.

"மஞ்சள் டப்பா வேண்டாம்" என்றான் மெதுவாக. "அதுல மாத்தம் இல்லை."

"எனக்கும் அதான் சரின்னு படுது" என்று உடனே ஒப்புக்கொண்டு, அவள் கடலையை ஊறவைக்கப் போனாள்.

கமாவுக்கு நெஞ்சு நிறைந்தது. கடைசியில் ஜெயித்துவிட்டோம் என்று தூங்கிப்போனான்.

நாலரைக்கு அலாரம் அலறியது. தலைமாட்டில், அவன் பக்கம்.

போர்வைக்குள்ளிருந்து அவள் குரல் வந்தது: "என்னங்க, உங்க மனசாட்சி அடிக்குது. எழுந்திருங்க. மூடியைப் போட மறந்துடாதீங்க."