இன்ஸ்பெக்டரும் மாவும் விட்ட மூச்சு

தூத்துக்குடி,
நவம்பர் 1948

கொழும்பு மாநகரில் குடும்பத்தோடு நலமாய் வாழும் அன்பு மைத்துனர் பவுல் அவர்களுக்கு, பனிமய மாதாவின் காவலில் இங்கே நாங்கள் எல்லோரும் சுகம் என்றும், அங்கே உங்கள் எல்லோருடைய சுகத்துக்கும் நித்தம் வேண்டிக்கொள்கிறோம் என்றும் அத்தான் ரோச் எழுதிக்கொள்வது.

மாப்ளே, ஜெயித்துவிட்டோம்! ஒழுங்காக முதலிலிருந்து எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன், கை நிற்கவில்லை. உன் அத்தானின் ரொட்டிக்கடை மீண்டும் திறந்துவிட்டது. திறக்க வைத்தது என் மகள், உன் மருமகள் பிளாரன்ஸ். அதுவும் கோர்ட்டில், மாஜிஸ்திரேட் ஐயா முன்னால், தூத்துக்குடியில் பாதி ஊர் பார்த்துக்கொண்டிருக்க!

கள்ளு ஊற்றி மாவைப் புளிக்கவைப்பதுதான் நம் கடை வழக்கம் என்பது உனக்குத் தெரியும். மதுவிலக்கு வந்தது, கள்ளு போனது, மாவு எழும்பவில்லை. என் ரொட்டியை வாங்கிப்போன கப்பல்காரர் ஒருவர் அதைத் திரும்பக் கொண்டுவந்து, "அண்ணாச்சி, இதைக் கயித்துல கட்டி இறக்கினா நங்கூரத்துக்கு ஆகும்" என்றார். அந்த அவமானத்தில்தான் உனக்கு எழுதி ஈஸ்ட் டப்பா அனுப்பச் சொன்னேன். நீயும் அனுப்பினாய். ஆனால் டப்பா கையளவு, கடையோ பெரிது. காலேஜ் லீவுக்கு வந்திருந்த பிளாரன்ஸ்தான், "கவலைப்படாதீங்கப்பா, இதைப் பெருக்கிடலாம்" என்று கருப்பட்டித் தண்ணீரில் வேகவைத்த உருளைக்கிழங்கை மசித்துப் போட்டு, அதில் ஈஸ்ட்டைக் கலந்து, நாள் முழுக்கக் கிண்டிக்கொண்டே இருந்தாள். எதற்கு இப்படிக் கிண்டுகிறாய் என்று கேட்டேன். "அதுக்குக் காத்து வேணும்பா. காத்து கிடைச்சாத்தான் நல்லா வளரும்" என்றாள். அப்போதுதான் எனக்கு விஷயம் உறைத்தது. ஏளா, அப்போ இது உயிரா? உயிர்தான் என்றாள். ஒரு சிட்டிகையில் கோடிக்கணக்கில் இருக்குமாம்.

எனக்குக் கை கால் ஓடவில்லை மாப்ளே. இத்தனை வருஷம் கள்ளில் இருந்ததும் இதுதானாம். நான் அடுப்பில் வைத்துச் சுட்ட உயிர்களுக்கு யார் கணக்கு வைப்பது? நேரே கோவிலுக்குப் போய்ப் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழங்காலிட்டு அத்தனை பாவத்தையும் சொல்லிவிட்டேன். தட்டிக்குப் பின்னால் சாமியாரின் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று நினைத்தேன், சிரித்திருக்கிறார். "ரோச், அதுகள்ல ஒண்ணாவது வந்து புகார் சொல்லட்டும், அப்பம் பாத்துக்கிடலாம். இப்பம் போய் ரொட்டியைச் சுடு" என்று அனுப்பிவிட்டார்.

சுட்டேன். மாவு எழும்பியது பார், நம் வீட்டுத் தலையணை தோற்றது! அந்த வாசனை தெருவைத் தாண்டிப் போனது. போன வாசனை மதுவிலக்கு இன்ஸ்பெக்டர் மந்திரமூர்த்தியின் மூக்கில் போய் நின்றது. ஆள் ஜீப்பில் வந்து இறங்கினார். ஜாடியைத் திறந்தார். உள்ளே நுரை கொப்புளம் கொப்புளமாக வந்துகொண்டிருந்தது. முகர்ந்தார். "என்னவே ரோச், ரொட்டிக்கடை நடத்துதேரா, சாராயக்கடை நடத்துதேரா?" என்று கேட்டார். ஐயா, அது மூச்சு விடுகிறது என்றேன். அவர் கான்ஸ்டபிளைப் பார்த்தார், கான்ஸ்டபிள் என்னைப் பார்த்தார். "மாவு மூச்சு விடுதாம். ஆளு நல்ல போதையில இருக்காரு, எழுதிக்கோ" என்றார். ஜாடியையும் பிசைந்த மாவையும் தூக்கிக்கொண்டு, கடைக்குச் சீல் வைத்துவிட்டுப் போனார். உன் அக்கா பிலோமினா தெருவிலேயே உட்கார்ந்து அழுதாள். கேஸ் தோற்றால் எனக்கு ஜெயில், கடைக்குப் பூட்டு, பிளாரன்ஸின் படிப்புக்கும் அதோடு முடிவு. அன்று யாருக்கும் சோறு இறங்கவில்லை.

ஆனால் மாவு சும்மா இருக்குமா? ஸ்டேஷன் மர அலமாரிக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறார்கள். மத்தியானத்துக்குள் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து, கீழே பெஞ்சில் இருந்த ஏட்டையா தொப்பிக்குள் இறங்கிவிட்டதாம். சாட்சிப்பொருள் காவலிலிருந்து தப்பிக்க முயன்றது என்று அதையும் ரிப்போர்ட்டில் எழுதினார்கள்!

மறுநாள் கோர்ட். கருப்பட்டி, மாவு, நுரை, வாசனை எல்லாம் இருக்கிறது, இது சாராய ஊறல்தான் என்று இன்ஸ்பெக்டர் அடித்துச் சொன்னார். மாஜிஸ்திரேட் என்னைக் கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் பின்னாலிருந்து, "ஐயா அனுமதிச்சா நான் சொல்லுதேன்" என்று ஒரு குரல். பிளாரன்ஸ்! கையில் ஒரு கூடை வேறு.

"ஐயா, ஈஸ்ட்ங்கிறது ஒரே ஒரு செல்லால ஆன உயிரு. நம்ம உடம்பு கோடி கோடி செல்லால ஆனது. ரெண்டுக்கும் சர்க்கரைதான் விறகு. காத்து இருந்தா செல்லு அந்தச் சர்க்கரையை முழுசா எரிச்சு, தண்ணியும் கரியமில வாயுங்கிற கரிக்காத்துமா வெளிய விட்டுட்டு, அதுல வார சக்தியை வேலைக்கு எடுத்துக்கிடும்."

"எரிக்குமா? அப்படியானால் எனக்குச் சுட வேண்டாமா?" என்றார் மாஜிஸ்திரேட்.

"தீ இல்லாம எரிக்கும் ஐயா. ஒரே அடியா எரிச்சா நாம கருகிருவோம். அதனால படிப்படியா உடைச்சு, கிடைக்கிற சக்தியைச் சின்னச் சின்னப் பொட்டலமாக் கட்டிக்கிடும். கை தூக்கணுமா, பொட்டலத்தை அவிழ்க்கும். கண் சிமிட்டணுமா, அதுக்கும் பொட்டலம். மிச்ச சூடுதான் நம்ம உடம்புச் சூடு."

பிறகு கூடையிலிருந்து இரண்டு கிளாஸ் எடுத்து வைத்தாள். வெற்றிலைச் சுண்ணாம்பைக் கரைத்துத் தெளியவைத்த தண்ணீர், கண்ணாடி மாதிரி இருந்தது. சாட்சியாக வைத்திருந்த நம் ஜாடியின் வாயை அடைத்து, ரப்பர் குழாய் வைத்து, அதன் நுனியை ஒரு கிளாஸுக்குள் விட்டாள். கொப்புளம் வர வரத் தண்ணீர் பால்போல வெளுத்தது. இன்ஸ்பெக்டர் துள்ளி எழுந்தார். "பாத்தீங்களா ஐயா! சாராயம்!"

பிளாரன்ஸ் ஒரு பப்பாளி இலைத் தண்டை எடுத்து அவரிடம் நீட்டினாள். "சார், அந்த இன்னொரு கிளாஸ்ல நீங்க ஊதுங்க."

"நான் எதுக்கு ஊதணும்?"

"ஊதும்," என்றார் மாஜிஸ்திரேட்.

ஊதினார் மாப்ளே! மீசை நனைய நனைய ஊதினார். அந்தத் தண்ணீரும் பால்போல வெளுத்தது. எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். மனுஷன் முகம் வெளிறி, "ஐயா, சத்தியமா நான் குடிக்கலைங்க!" என்று கத்தினார். அவ்வளவுதான், கோர்ட்டே குலுங்கியது. டவாலி போட்ட கோர்ட் சேவகர் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"அவர் குடிக்கலை ஐயா," என்றாள் பிளாரன்ஸ், சிரிக்காமல். "காலையில அவர் தின்ன இட்லி சர்க்கரையாகி எரியுது. அந்தக் கரிக்காத்து பட்டுத்தான் சுண்ணாம்புத் தண்ணி வெளுத்துது. மாவுல வர்ற நுரையும் அதே காத்துதான்."

மாஜிஸ்திரேட் லேசுப்பட்டவர் இல்லை. "வாசனை வருகிறதே, அது என்ன?" என்று பிடித்தார்.

"மாவுக்கு நடுவுல காத்து எட்டாது ஐயா. காத்து இல்லேன்னா ஈஸ்ட்டால சர்க்கரையை முழுசா உடைக்க முடியாது. கொஞ்சம் சக்தியோட நின்னுரும், மிச்சம் சாராயமாத் தங்கிரும். அடுப்புச் சூட்டுல அது ஆவியாப் போயிரும்."

"அப்படியானால் சங்கு குளிக்கிறவர்கள் மூச்சடக்கினால் அவர்களுக்கும் போதை ஏறுமா?"

"ஏறாதுங்க ஐயா. நம்ம தசையில சாராயம் வராது, ஒரு புளிப்புதான் வரும். காத்து பத்தாம வேலை செஞ்சா அது தசையில சேரும்."

கடைசியாகக் கூடையிலிருந்து ரொட்டியை எடுத்து மேசையில் வைத்தாள். அதே ஜாடி ஈஸ்ட்டில் முந்தின நாள் சீல் வைக்குமுன் சுட்டு வீட்டுக்கு எடுத்துப்போனது. மாஜிஸ்திரேட் பிட்டார், முகர்ந்தார், ஒரு வாய் தின்றார். இன்னொரு வாயும் தின்றார். பிறகு துடைத்துக்கொண்டு, "இது குற்றமென்றால் மூச்சு விடுகிற எல்லோரையும் நான் உள்ளே தள்ள வேண்டும். கேஸ் தள்ளுபடி. கடையைத் திறந்துவிடுங்கள்" என்றார். சாட்சி ரொட்டியைத் திருப்பித் தரவில்லை.

கோர்ட்டிலிருந்து கடைவரை ஊரே கூட வந்தது. சீலை உடைத்தது இன்ஸ்பெக்டர் மந்திரமூர்த்தியேதான். உடைத்துவிட்டு, "பிள்ளையை நல்லாப் படிக்க வையும்வே, டாக்டராக்கும்" என்று சொல்லி, முதல் ரொட்டியையும் அவரே வாங்கிக்கொண்டார். ரொட்டிக்காரன் மகள் எதற்கு அவ்வளவு படிக்க வேண்டும் என்று கேட்ட நம் சொந்தக்காரர்கள் எல்லோரும் இன்று வரிசையில் நிற்கிறார்கள். பிலோமினா ஒவ்வொருவரிடமும் கேஸை முதலிலிருந்து சொல்லிவிட்டுத்தான் ரொட்டி கொடுக்கிறாள். எனக்கு நெஞ்சு நிறைந்து போய்விட்டது மாப்ளே. அவள் சொல்லுகிற அந்தப் பொட்டலம் எல்லாம் எனக்குள்ளே ஒரே நேரத்தில் அவிழ்ந்த மாதிரி இருக்கிறது.

உனக்கும் தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் முத்தங்கள். மாதா உங்கள் வீட்டைக் குறைவில்லாமல் காக்கட்டும்.

என்றும் உன் அன்பு அத்தான்,
ரோச்

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது குசினியில் படீர் என்று ஒரு சத்தம். கிறிஸ்துமஸுக்கு வைன் போடுகிறேன் என்று உன் அக்கா திராட்சையும் சீனியுமாக ஒரு பெரிய ஜாடியை மெழுகு வைத்துக் காற்றுப் புகாமல் அடைத்து வைத்திருக்கிறாள், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மூடி கூரையில் போய் அடித்திருக்கிறது. பிளாரன்ஸ் காலை ரயிலில் காலேஜுக்குப் போய்விட்டாள். கடையில் ரொட்டி தின்றுகொண்டிருந்த இன்ஸ்பெக்டர் உள்ளே வந்துவிட்டார். இதுவும் மூச்சு விடுகிறது ஐயா என்று நானும் சொல்லிப் பார்த்தேன். "விடுதுவே, ஆனா இது காத்து இல்லாம விடுத மூச்சு" என்கிறார். மனுஷன் கோர்ட்டில் பாடத்தை நன்றாகக் கவனித்திருக்கிறார்.