நாற்பது வலைகளும் என் மூக்கும்

நூல் வலை வெயிலில் காயும்போது ஒரு வாசம் எழும்: உப்பு, மீன் செதில், மரப்பட்டைச் சாயம் மூன்றும் கட்டிப் புரளும் வாசம். நைலான் வந்ததும் அது கரையை விட்டுப் போய்விட்டது. எங்காவது ஓர் ஈரச் சாக்கில் அதன் தூரத்துச் சொந்தம் வந்து மோதினால் போதும், நான் மறுபடி இருபத்திரண்டு வயது முட்டாளாகி ராயபுரம் மணலில் நிற்பேன்.

ஐம்பதுகளின் தொடக்கம். பி.எஸ்ஸி. முடித்துவிட்டு, ராயபுரத்தில் கல்மண்டபம் பக்கத்து வீட்டில் சும்மா இருந்தேன். (வேலையில்லாத பட்டதாரிக்கு உலகத்தைத் திருத்த நிறைய நேரம் கிடைக்கும்.) என் தோஸ்து அந்தோணி கட்டுமரக்காரன், என் வயதுதான். நூல் அழுகாமலிருக்க அடிக்கடி வலையைப் பட்டைச் சாயத்தில் கொதிக்கவைப்பான். புகையில் சிவந்த அவன் கண்களைப் பார்த்தபோது எனக்கொரு கேள்வி பிறந்தது: மயில்துத்தமும் படிகாரமும் கரைத்த நீரில் ஒரே முறை நனைத்தால் போதாதா?

அவனை மணலில் உட்காரவைத்து, விஞ்ஞானிகள் எப்படி வேலை செய்வார்கள் என்று பிரசங்கம் செய்தேன். முதலில் கேள்வி. பிறகு யூகம். பிறகு சோதனை, நனைத்ததையும் நனைக்காததையும் அருகருகே வைத்து ஒப்பிட வேண்டும். யூகம் தோற்றால் சந்தோஷமாக ஒப்புக்கொள்ள வேண்டும்.

"தோத்தா இன்னாத்துக்கு சந்தோசம்?" என்றான்.

"அதான்டா சயின்ஸ்."

சாயம் போட்ட பழைய வலை ஒன்றில் பாதியை அறுத்துக் கொடுத்தான். அலசி, என் மருந்தில் ஊறவைத்தேன். மயில் கழுத்து நீலத்தில் எழுந்து வந்தது. மயங்கிப்போனேன். அவன் அதைக் கடலில் ஒரு கட்டையில் கட்டிப்போட்டான். பத்து நாள், தினமும் போய் அதை முகர்ந்து பார்த்தேன். நாற்றமில்லை. ஆகவே அழுகலில்லை. ஆகவே வலை உறுதி. நோட்டில் 'வெற்றி' என்று எழுதி, கீழே இரண்டு கோடு போட்டேன். (கையால் ஒரு இழு இழுத்துப் பார்க்கலாம் என்று மட்டும் தோன்றவில்லை. பக்கத்தில் பழுப்பாக என்னவோ தொங்கியது, அதையும் கவனிக்கவில்லை.)

ஞாயிற்றுக்கிழமை குப்பத்து வலைகள் நாற்பதையும் நனைத்துத் தருவதாக அறிவித்துவிட்டேன். வீட்டுக்கு ஒரு வலை. அந்த வலைதான் அந்த வீட்டுச் சோறு.

சனிக்கிழமை மதியம் அந்தோணி என் கையைப் பிடித்துக் கட்டைக்கு இழுத்துப் போனான்.

"இது உன் பாதி, இது என் பாதி. ஒரே வலை, ஒரே கட்டை, ஒரே தண்ணி. நீதான சொன்ன, ஒப்பு பாக்கணும்னு?"

பழுப்புப் பாதியில் ஒரு கல்லைப் போட்டுத் தூக்கினான். கல் தொட்டில் குழந்தைபோல ஆடியது. அதே கல்லை நீலத்தில் போட்டான். வலை அப்பளமாய்ப் பொடிந்தது; என் மருந்தே நூலை அரித்திருந்தது. கல் என் கால் கட்டைவிரலில் இறங்கியது.

"சந்தோசப்படு மாமு, தோத்துட்ட!"

ஒற்றைக்காலில் குதித்தபடியே நாற்பது வலைகளையும் நினைத்தேன்.

"உனக்கு ஜுரம், நாளிக்கி வரமாட்டன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்" என்றான். "படிச்ச புள்ள கோட்ட வுட்டுச்சுன்னு நானா சொல்றது?"

அந்தப் பொய்யைக் கேட்டதும்தான் அழுகை வந்தது. நொண்டிக்கொண்டே போய்க் குப்பத்தில் நானே உண்மையைச் சொன்னேன். அந்தோணியின் அக்கா ரோசம்மா கூடையை இறக்கி வைத்தாள்.

"நாப்பதும் நாசமா பூட்டிருந்தா எங்க புள்ளைங்க இன்னாத்த துன்னும்?" என்றாள். பிறகு என் காலைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். "மின்னாடியே வந்து சொன்னியே, அது போதும் நைனா."

பின்னாளில் ஓர் ஆய்வுக்கூடத்தில் உத்தியோகம் கிடைத்து முப்பது வருஷம் ஓட்டினேன். அங்கே நான் செய்த உருப்படியான சோதனை ஒவ்வொன்றிலும் அந்தோணியின் பழுப்புப் பாதி பக்கத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது. வீட்டிலும் அந்தக் கதை ஓயவில்லை. மகளுக்கு வந்த வரனைப் பார்த்துவிட்டு, "பையன் பளபளன்னு இருக்கான்" என்றேன்.

"மோந்து பாத்தது போதும்," என்றாள் என் மனைவி. "கல்லைப் போட்டுப் பாருங்க."

கல் விழுந்த அந்தச் சனிக்கிழமை சாயங்காலம், அந்தோணி கட்டுமரத்தை மேட்டுக்கு ஏற்றிவிட்டுக் கையை உதறினான். நன்றி சொல்ல வாயெடுத்தேன். அவனே முந்திக்கொண்டான்:

"காலைல நேரத்தோட வந்துடு மாமு. நீ கிழிச்ச பாதிய நீதான் பின்ற."