பின்புற அதிர்வுத் தணிப்பு

ஒரு சாலை மோசமாக இருக்கிறது என்று அரசாங்கம் ஒப்புக்கொள்ள வேண்டுமானால், அரசாங்கத்தின் அதிகாரி ஒருவர் அந்தச் சாலையில் நேரில் போய்க் குலுங்கிப் பார்க்க வேண்டும். இது விதி. ஊர்க்காரர்கள் காலகாலமாகக் குலுங்குவது கணக்கில் வராது. அது வெறும் பழக்கம்.

உடைமரத்துப்பட்டி ஊராட்சித் தலைவி வெள்ளைத்தாய்க்கு இந்த விதி தெரிந்தபோது பதவியேற்று ஒரு வருஷம் ஓடியிருந்தது. தொண்ணூற்றாறாம் வருஷத்து உள்ளாட்சித் தேர்தலில் பெண்களுக்கென்று ஒதுக்கப்பட்ட ஊராட்சி அது. இப்படி ஜெயித்த பெண்களில் பாதிப் பேருக்குப் பதில் புருஷன்மார்தான் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். வெள்ளைத்தாயின் புருஷன் கிடை ஆடுகளோடு ஊர் ஊராகப் போகிறவர். உட்கார அவருக்கு நேரமில்லை. அதனால் அவளே உட்கார்ந்தாள்.

அவள் கொடுத்திருந்த வாக்கு ஒன்றே ஒன்று: விளாத்திகுளம் மெயின் ரோட்டிலிருந்து ஊர்வரைக்கும் தார் ரோடு. ரோடு வந்தால் பஸ் வரும். மழை பெய்தால் அந்தக் கரிசல் பாதை களி கிண்டிய சட்டி மாதிரி ஆகிவிடும். போன ஐப்பசியில் சொர்ணத்தாயைப் பிரசவத்துக்கு மாட்டு வண்டியில் ஏற்றிப் போனபோது, வண்டி பாதி வழியில் புதைந்து, பிள்ளை அங்கேயே பிறந்துவிட்டது. வண்டிமலையான் என்று பேர் வைத்தார்கள். பிள்ளை நன்றாக இருக்கிறான் என்பதால் எல்லோரும் சிரித்துக்கொண்டார்கள். வெள்ளைத்தாய் சிரிக்கவில்லை. மனு எழுதினாள்.

கோவில்பட்டிச் சாலை ஆய்வு அலுவலகத்திலிருந்து உதவிப் பொறியாளர் சண்முகராஜ் ஒருநாள் மெய்யாகவே வந்தார். ரெண்டு வரிசை சீட்டும் அதற்குப் பின்னால் திறந்த பெட்டியும் உள்ள வெள்ளை நிற பிக்கப் வண்டி. ரோட்டு வேலைக்கு ஜல்லியும் தாரும் ஏற்றவென்று வாங்கியது. டிரைவர் இசக்கிபாண்டிக்குப் பக்கத்து சீட்டு காலியாகக் கிடந்தது. அதிகாரி பின் சீட்டில், சரியாகப் பின் சக்கரத்தை ஒட்டி வீற்றிருந்தார். டிரைவருக்குப் பக்கத்தில் உட்காருகிறவர் கிளார்க் என்பது அலுவலக மரபு.

மெயின் ரோட்டு முக்கில் வெள்ளைத்தாயும் ஏறிக்கொண்டாள். முதல் பள்ளத்திலேயே பொறியாளர் எழும்பினார். ரெண்டாவதில் கண்ணாடி கழன்று மடியில் விழுந்தது. பெத்தம்மாள் புஞ்சை ஓரத்துப் பெரும்பள்ளத்தில் அவருடைய தலை வண்டியின் கூரையைப் போய் முட்டியது. 'ஆத்தாடி, ரோடு வந்துட்டு!' என்று வெள்ளைத்தாய் மனசுக்குள் குலவை போட்டாள்.

பொறியாளர் வண்டியை நிறுத்தச் சொன்னார். உச்சந்தலையைத் தடவியபடி இறங்கினார். பள்ளத்தை அவர் பார்க்கவில்லை. வண்டியின் பின்பக்கம் போய்க் குத்துக்காலிட்டு, அடியில் எட்டிப் பார்த்தார்.

"இதுதான் காரணம்," என்றார். "பின் ஸ்பிரிங் சரியில்லை."

அன்றைக்கே கோப்பு திறக்கப்பட்டது. பொருள்: அரசு ஊர்தியின் பின்புற அதிர்வுத் தணிப்பு மேம்பாடு. அலுவலகத்தில் ரோட்டு வேலைக்கென்று இருந்த நிதி 'தொடர்புடைய இனம்' என்ற வகையில் அந்தப் பக்கம் நகர்ந்தது.

சேதி தெரிந்து வெள்ளைத்தாய் கோவில்பட்டிக்குப் போனாள். பொறியாளர் அலுவலகத்தில் இல்லை. கோபாலசாமியின் ஸ்பிரிங் பட்டறையில் இருந்தார். பிக்கப் ஜாக்கியில் தூக்கி நின்றது. பின் சக்கரத்துக்கு மேலே அடுக்கடுக்காக வில் மாதிரி வளைந்த இரும்புப் பட்டைகள். கோபாலசாமி ஸ்பேனரால் தட்டிக் காட்டினார்.

"சார், இன்னும் ரெண்டு பட்டை கூட்டினா லோடு தாங்கும். ஆனா வெறும் வண்டியா போனா குதிக்கும். பட்டையைக் கழட்டினா மெத்தை மாதிரி போகும். ஆனா லோடு ஏத்தப்பிடாது. ஏத்தினா தரை தட்டிரும்."

"கழட்டு," என்றார் பொறியாளர்.

"பெறவு ஜல்லி ஏத்த முடியாதே சார்?"

"ரோடு போட்டால்தானே ஜல்லி ஏத்தணும்? பணம்தான் இதுக்கு வந்துட்டுதே."

கோபாலசாமி யோசித்துப் பார்த்தார். அதில் ஓட்டை ஒன்றும் அவருக்குத் தென்படவில்லை. கழற்றத் தொடங்கினார்.

வெள்ளைத்தாய் பொறுக்க முடியாமல் கேட்டாள். "சார், வண்டிக்குப் போடுத துட்டை ரோட்டுல போட்டா எல்லா வண்டியும் குதிக்காமப் போகும்லா?"

பொறியாளர் பொறுமையாகச் சிரித்தார். "அம்மா, ரோடு ஒரே ஊர்ல கிடக்கும். வண்டி எல்லா ஊருக்கும் போகும். அரசாங்கம் பொதுநலத்தைத்தான் பாக்கும்."

"அப்பம் முன் சீட்டுல உக்காருங்க. அங்கன குதிக்காது."

பொறியாளர் கழற்றிய பட்டைகளை எண்ணத் தொடங்கினார். படிக்காத பேச்சு என்று இசக்கிபாண்டி கூட முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

பட்டையைக் குறைத்தாயிற்று. அடுத்து, குலுக்கலை வாங்கிக்கொள்ளும் ஷாக் அப்சார்பர் எண்ணெய் போட்டதா, கேஸ் அடைத்ததா? வண்டிச் சட்டத்துக்கும் அச்சுக்கும் நடுவே ரப்பர் கட்டை வேண்டுமா, காற்றுப் பை வேண்டுமா? ஒவ்வொன்றையும் மாட்டிப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். மாட்டிப் பார்க்க ஒரே மாதிரியான மோசமான ரோடு வேண்டும். ஜில்லாவிலேயே உடைமரத்துப்பட்டியை மிஞ்ச ஆள் இல்லை.

ஆணை வந்தது: 'மேற்படி சாலையிலுள்ள பள்ளங்கள் யாவும் ஆய்வு நிறைவுறும்வரை உள்ளது உள்ளவாறே பேணிப் பாதுகாக்கப்பட வேண்டும்.'

வெள்ளைத்தாய் அதை வாசித்துவிட்டு நாலு பெண்களைக் கூட்டிக்கொண்டு போய், பெத்தம்மாள் புஞ்சை ஓரத்துப் பெரும்பள்ளத்தில் சரள் மண்ணைக் கொட்டி மூடினாள். மறுவாரம் பொறியாளரே நேரில் வந்துவிட்டார்.

"அரசுப் பள்ளத்தைச் சேதப்படுத்தியிருக்கீங்க."

"பள்ளத்தை எப்படி சார் சேதப்படுத்த முடியும்?"

"மூடி."

டேப் பிடித்து அளந்து, பழைய ஆழத்துக்குத் தோண்டிக் கொடுக்கும்வரை அவர் போகவில்லை. தோண்டியது அதே பெண்கள். பள்ளம் முன்னைவிடக் கொஞ்சம் லட்சணமாகவே அமைந்துவிட்டதாகப் பொறியாளர் பாராட்டினார்.

இதற்குப் பிறகு ஊரே மாறிப்போனது. வெளியூர் அலுவலகங்களுக்கும் தகவல் பரவி, அவரவர் வண்டிகளைச் சோதிக்க அதிகாரிகள் வர ஆரம்பித்தார்கள். முக்கில் மாயகிருஷ்ணன் டீக்கடை போட்டான். பெரும்பள்ளத்துக்கு அருகே வடை சூடாகக் கிடைத்தது. பஸ் வராத ஊருக்குக் கார் வந்தது. சாயங்காலமானால் இளவட்டங்கள் பள்ளத்தைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு, எந்த வண்டி எவ்வளவு எழும்புகிறது என்று வாத்தியார்மார்களைப் போல மார்க் போட்டார்கள். பல் தேய்க்கும்போதுகூட ஸ்பிரிங் பேச்சுதான்.

கோவில்பட்டியில் கோபாலசாமி தன் பட்டறை வாசலில் 'உடைமரத்துப்பட்டி ஸ்பிரிங் செட்டு இங்கே கிடைக்கும்' என்று போர்டு மாட்டினார். கழுகுமலையில் ஒரு பெண் வீட்டார், மாப்பிள்ளையின் வேனில் பின்னால் என்ன செட்டு என்று விசாரித்துவிட்டுத்தான் தட்டு மாற்றினார்கள். ஊருக்குள் மாட்டு வண்டிக்காரர்கள் அச்சுக்கு மேலே பழைய டயரை வெட்டிச் சொருகினார்கள். சைக்கிள் சீட்டுக்கு அடியில் ரெட்டை ஸ்பிரிங் வைக்காதவனை நாகரிகம் தெரியாதவன் என்றார்கள்.

வெள்ளைத்தாய் மட்டும் ரோடு ரோடு என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

"பிரசிடெண்டம்மா, ரோடு போட்டா எவன் இங்கன வருவான்?" என்றான் மாயகிருஷ்ணன். "ஊரு பேரு வெளிய தெரியுதுல்லா? நாலு பள்ளத்தாலதான தெரியுது?"

"மழை வந்தா சொர்ணத்தாய் மாதிரி இன்னொருத்தி நடு வழியில கெடப்பாளே."

"அவிய வண்டியிலயும் நல்ல பட்டையா போட்டுருவோம்க்கா."

ஒருவழியாக முடிவு எட்டப்பட்டது. பட்டை குறைத்து, கேஸ் ஷாக் அப்சார்பர் மாட்டி, ரப்பர் கட்டையும் வைத்தாயிற்று. இறுதிச் சோதனையன்று பொறியாளர் சண்முகராஜ் பின் சீட்டில் சாய்ந்து உட்கார்ந்து, கையில் நிறைந்த டம்ளர் டீயோடு மெயின் ரோட்டிலிருந்து ஊர்வரை வந்தார். ஒரு சொட்டு சிந்தவில்லை. பெரும்பள்ளத்தில் வண்டி தொட்டில் மாதிரி ஒரு ஆட்டம் ஆடி அமைந்தது. ஊரே கைதட்டியது. தன் கையும் தன்னால் சேர்ந்து தட்டிவிட்டதை வெள்ளைத்தாய் தட்டிய பிறகுதான் கவனித்தாள்.

பொறியாளர் அங்கேயே, வண்டியின் பானெட்டின் மேல் தாளை வைத்து அறிக்கை எழுதினார்: 'சாலையில் நேரில் பயணம் மேற்கொள்ளப்பட்டது. எவ்விதக் குலுக்கலும் உணரப்படவில்லை. சாலை நன்னிலையில் உள்ளது. புதிதாக அமைக்கத் தேவை எழவில்லை.'

வெள்ளைத்தாய் தாளை எட்டிப் படித்தாள். "சார், குலுங்காதது வண்டி! ரோடு இல்ல!"

"உட்கார்ந்து வந்தது நான்தானேம்மா?" என்றார் அவர் அன்பாக.

ஆனால் அரசாங்கம் தன் அறிக்கையைத் தானே நம்பக்கூடியது. நன்னிலையில் உள்ள சாலைக்கு பஸ் விட ஆட்சேபணை இல்லை என்று இன்னொரு அலுவலகம் எழுதியது. அடுத்த மாசமே உடைமரத்துப்பட்டிக்கு டவுன் பஸ் வந்துவிட்டது.

திருவிழாதான். வாழைமரம், மேளம், மாலை. வெள்ளைத்தாய் தேங்காய் உடைத்தாள். ரோடு வரவில்லை, பஸ் வந்துவிட்டது. பாதி வாக்கையாவது காப்பாற்றியாயிற்று என்று அவளுக்குக் கண் கலங்கியது. எல்லோரும் முண்டியடித்து ஏறினார்கள். வண்டிமலையானை இடுப்பில் வைத்துக்கொண்டு சொர்ணத்தாயும் ஏறினாள். தலைவிக்குக் கடைசி நீள சீட்டுதான் கிடைத்தது.

பஸ் கிளம்பியது. அது அரசாங்கத்தின் சாதாரண பஸ். அதன் ஸ்பிரிங்கைப் பற்றி யாரும் கோப்பு திறந்ததில்லை. பெரும்பள்ளத்தில் இறங்கி ஏறியபோது பின் சீட்டு மொத்தமும் காற்றில் எழும்பி, வெள்ளைத்தாய் சொர்ணத்தாயின் மடியில் போய் விழுந்தாள். கருப்பட்டிக் கூடை கவிழ்ந்தது. ஒரு கோழி ஜன்னல் வழியாகப் பறந்துபோனது. வண்டிமலையான் மட்டும் கெக்கெக்கே என்று சிரித்தான்.

"ஏலே, என்ன செட்டுலே போட்டுருக்கீய இதுல?" என்று முன்னாலிருந்து ஒருவர் கத்தினார்.

"ரெண்டு பட்டையைக் கழட்டணும்!"

"கழட்டினா போதாதுவே, கேஸ் ஷாக்கு மாட்டணும்!"

டிரைவர், "அண்ணாச்சி, ரோடு..." என்று தொடங்கினார். விவரம் தெரியாதவன் என்று எல்லோருமாகச் சேர்ந்து அவரை அடக்கிவிட்டார்கள்.

சாயங்காலத்துக்குள் ஊரே கையெழுத்துப் போட்ட மனு தயாராகிவிட்டது. முதல் கையெழுத்துக்கு இடம் விட்டு மாயகிருஷ்ணன் அதைத் தலைவியிடம் கொண்டுவந்தான். அவள் இடுப்பில் ஒத்தடம் கொடுத்தபடி, மேலிருந்து கீழ்வரை படித்தாள்.

"தம்பி, இதுல ரோடுன்னு ஒரு வார்த்தை இல்லியே?"

"அது வேற டிபார்ட்மெண்டுக்கா. ரெண்டையும் போட்டுக் குழப்பினா ஒண்ணும் நடக்காது."

வெள்ளைத்தாய் வாசலில் கிடந்த பாதையைப் பார்த்தாள். மனுவைப் பார்த்தாள். இடுப்பு சுரீர் என்றது. பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். அவன் தாளை மடிக்கப் போனபோது தடுத்தாள்.

"பொறுலே. ரெண்டு பட்டை காணாது, மூணு கழட்டணும்னு எழுது. எனக்கு எப்பவும் கடைசி சீட்டுதான் கிடைக்கும்."