தாசில்தார் தின்ற வாழை மரம்

மானை அழகு என்று சொல்பவர்கள் யாரும் அதற்குத் தீனி போட்டவர்கள் இல்லை. நான் போட்டிருக்கிறேன். கண் அழகுதான். நாக்கு பணக்கார வீட்டு நாக்கு.

எண்பதுகளின் கடைசி. எனக்குக் கல்யாணமாகி அதிக நாள் ஆகவில்லை. வண்டலூர் பக்கம் ஒரு பயிற்சி நிலையத்து வளாகத்தில் அனுமதி வாங்கி மான் வளர்த்தார்கள். அங்கே தீனி போடும் வேலை. மச்சான் சொல்லி வாங்கிக் கொடுத்தது. 'கவர்மென்ட் மாதிரி வேலை' என்று சொல்லித்தான் அவன் தன் தங்கை ஸ்டெல்லாவை எனக்குக் கட்டி வைத்தான். ('மாதிரி' என்பதைப் பெண் வீட்டில் யாரும் கவனிக்கவில்லை. நானும் கவனிக்கவில்லை.) உண்மையில் நான் தற்காலிகம். இன்றைக்கு வா என்றால் வர வேண்டும். நாளைக்கு வராதே என்றால் வரக் கூடாது.

அந்தக் கோடையில் பசும்புல் நின்றுபோனது. சூப்பர்வைசர் கோதண்டம் சார் என்னைக் கூப்பிட்டார்.

"சூசை, புல்லு வராது. வயக்காட்டுல, மார்க்கெட்டுல வீணாப் போறது எதையாவது கொண்டாந்து போடு. மான் தின்னா உன் வேலையை நிரந்தரம் பண்ணச் சொல்லி நானே எழுதறேன்."

"தின்னலேன்னா சார்?"

"தின்னாத மானுக்குத் தீனி போட ஆள் எதுக்கு?"

நியாயமாகத்தான் இருந்தது.

வைக்கோல் கொண்டு வந்தேன். மந்தையில் பெரிய கொம்போடு ஒரு கிடா இருந்தது. எதைக் கொடுத்தாலும் முகர்ந்து பார்க்கும், யோசிக்கும், திருப்பி அனுப்பிவிடும். அதனால் அதற்குத் தாசில்தார் என்று பெயர் வைத்திருந்தோம். தாசில்தார் வைக்கோலை முகர்ந்தது. அதன்மேல் படுத்துக்கொண்டது. மற்ற மான்களும் படுத்துக்கொண்டன. தீனி கேட்ட இடத்தில் மெத்தை போட்டவன் ஆனேன்.

வேர்க்கடலைக் கொடி போட்டேன். தின்றன. இரண்டு வண்டியோடு கொடி தீர்ந்தது. தாம்பரம் மார்க்கெட்டில் காலிஃபிளவர் இலை அள்ளப் போனேன். அங்கே மாட்டுக்காரர்கள் எனக்கு முன்பே வந்து நின்றார்கள். மாடும் வந்திருந்தது. மாடு என்னை முட்டியது. பலாத்தோல் கொண்டு போனேன். அது ஈயைத்தான் கூப்பிட்டது.

ஒருநாள் ஜிஎஸ்டி ரோட்டில் ஒரு கல்யாண மண்டபத்து வாசலில் வாழை மரம் வெட்டிக் கிடந்தது. கல்யாணத்துக்குக் கட்டியது. கல்யாணம் முடிந்ததும் குப்பை. மீன்பாடி வண்டியில் போட்டு மிதித்துக்கொண்டு போனேன். தாசில்தார் முகரவில்லை. யோசிக்கவில்லை. நேராகத் தின்றது. இலை, பட்டை, தண்டு, எல்லாம்.

அன்றைக்கே மண்டபத்து வாட்ச்மேன் முனுசாமி அண்ணனிடம் பேசினேன்.

"தாராளமா எட்த்துக்கினு போ சூசை. குப்பை வண்டிக்காரன் கையில கால்ல நான் இன்னாத்துக்கு வுழணும்? ஒண்ணு மட்டும். கல்யாணம் முடிஞ்சப்புறம் தான் எட்க்கணும்."

"எனக்குத் தெரியாதா அண்ணா?"

எனக்குத் தெரியாது. அது பிறகுதான் தெரிந்தது.

முகூர்த்த மாதம். வாழைக்குக் குறைவில்லை. மான்களுக்குத் தொப்பை வைத்தது. கோதண்டம் சார் ஒரு வியாழக்கிழமை சொன்னார்: "நாளைக்குக் காலையில பெரிய ஆபீசர் வராரு. மான் தின்னறதை அவர் கண்ணால பாக்கணும். வெறும் தொட்டியைக் காட்டினே, நீயும் அவர் பின்னாடியே கிளம்பிடு."

அன்று சாயங்காலம் மண்டபம் வழியாக வந்தேன். வாசலில் இரண்டு வாழை. குலையோடு, பூவோடு, யானைக்கால் மாதிரி தண்டு. உள்ளே எட்டிப் பார்த்தேன். மேடையில் மாப்பிள்ளையும் பெண்ணும் மாலையோடு நிற்கிறார்கள். மாப்பிள்ளை கோட்டு சூட்டு. எல்லாரும் வரிசையில் போய்ப் பரிசு கொடுக்கிறார்கள். போட்டோ எடுக்கிறார்கள். பந்தி நடக்கிறது. கல்யாணம் முடிந்துவிட்டது என்று முடிவு செய்தேன்.

என்மேல் தப்பில்லை. நாங்கள் அனகாபுத்தூர்க் கிறிஸ்தவர்கள். எங்களுக்குக் காலையில் சர்ச்சில் தாலி, சாயங்காலம் ரிசப்ஷன். எங்கள் தெரு இந்துக்களுக்கும் கோயிலில் தாலி கட்டினால்தான் சோறு. தாலிக்கு முந்தின சாயங்காலமே ஜோடியை மேடையில் ஏற்றிச் சோறு போடுவதெல்லாம் பெரிய மண்டபத்து வழக்கம். என் காதுக்கு அது வந்து சேரவில்லை.

விடியற்காலையில் வண்டியோடு போனேன். முனுசாமி அண்ணன் நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பிக் கேட்டிருக்கலாம். தூங்குகிற மனுஷனை ஏன் எழுப்ப வேண்டும் என்று விட்டேன். (நான் இரக்கம் காட்டிய இடமெல்லாம் இப்படித்தான் ஆகியிருக்கிறது.) கயிற்றை அறுத்தேன். வாயில் பிரஷ்ஷோடு ஒரு பெரியவர் வந்தார். ஒன்றும் கேட்காமல் ஒரு கை பிடித்து மரத்தை வண்டியில் ஏற்றினார்.

"பாத்து தம்பி, குலை ஒடியப் போவுது" என்றார்.

நல்ல மனிதர். அவர் பெண்ணின் பெரியப்பா என்று பிற்பாடு தெரிந்தது.

வெயில் ஏறும்போது மான்கள் தின்று கொண்டிருந்தன. நானும் கோதண்டம் சாரும் கைகட்டி ஆபீசருக்காக நின்றோம். ஆபீசருக்கு முன்னால் ஒரு சைக்கிள் வந்தது. முனுசாமி அண்ணன் மிதிக்கிறார். பின்னால் கேரியரில் பட்டு வேட்டியும் சந்தனப் பொட்டுமாக ஒரு கனத்த ஆள். பெண்ணின் தாய்மாமன்.

"டேய் சூசை! இன்னாடா பண்ணி வச்சுக்கீற! இன்னும் தாலியே கட்டலடா!"

"நேத்தே கல்யாணம் ஆயிடுச்சே அண்ணா. மாலை போட்டுக்கினு நின்னாங்களே."

"அது ரிசப்ஷன்டா!"

"ரிசப்ஷன் தாலிக்கு அப்புறம்தானே?"

தாய்மாமன் கேரியரிலிருந்து இறங்கினார். "ஏம்ப்பா, வாசல்ல வாழை இல்லாத கல்யாணத்துல என் பிள்ளையை உட்கார வைக்க மாட்டேன்னு சம்பந்தியம்மா காரிடார்ல நாற்காலி போட்டு உட்கார்ந்துட்டாங்க. முகூர்த்த நாள், தாம்பரம் மார்க்கெட்ல ஒரு மரம் கிடைக்கல. எங்க பொண்ணு அழுதுக்கிட்டிருக்கு. இப்ப நீ எனக்குப் பாடம் நடத்தறியா? எங்கே மரம்?"

நான் கையைக் காட்டினேன்.

குலை போயிருந்தது. இலை போயிருந்தது. ஒரு மரத்தின் அடிப்பாகம் தாசில்தார் வாயில் இருந்தது. தாய்மாமன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். மறுமுனையைப் பிடித்து இழுத்தார். தாசில்தாரும் இழுத்தது. வேட்டியில் சேறு. நான் தாசில்தாரைத் தடவிக் கொடுத்து, "விடு ராஜா, விடு" என்றேன். விடவில்லை. உத்தியோகம் பார்க்கிற மிருகம்.

அப்போதுதான் ஜீப் வந்து நின்றது.

பெரிய ஆபீசர் இறங்கிப் பார்த்தார். பட்டு வேட்டி கட்டிய ஒருவரும் ஒரு மானும் ஒரே வாழை மரத்துக்குச் சண்டை.

"யார் இது?"

கோதண்டம் சாருக்கு வேர்த்தது. "தீனியோட ஓனர் சார்."

தாய்மாமன் இழுத்தபடியே அழாக்குறையாக எல்லாவற்றையும் சொன்னார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கவர்மென்ட் மாதிரி வேலை போயிற்று. மச்சான் முகத்தில் எப்படி முழிப்பது? ஸ்டெல்லாவிடம் எதைச் சொல்வது?

ஆபீசர் தொப்பியைக் கழற்றினார். சிரித்தார். நிறுத்த முடியாமல் சிரித்தார்.

"ஆள் வந்து பிடுங்கினாலும் விட மாட்டேங்குதே! இதைவிட நல்ல தீனி ஏதுய்யா? கோதண்டம், இந்தப் பையன் பேரை எழுதிக்க. மிச்சமிருக்கிற ரெண்டு தண்டையும் என் வண்டியில ஏத்துங்க."

ஜீப் மண்டபத்து வாசலில் போய் நின்றது. ஆபீசரோடு வந்த சிப்பாய் குதித்து இறங்கிக் கதவைத் திறந்தார். ஆபீசர் இறங்கினார். பின்னாலிருந்து மரங்களை இறக்கினோம். காரிடாரில் இருந்த சம்பந்தியம்மா தானாக எழுந்து நின்றார்.

"யாருங்க அது?" என்று கேட்டார்.

தாய்மாமன் வேட்டிச் சேற்றைத் துண்டால் மறைத்தார். "நம்ம வீட்டுக் கல்யாணத்துக்குக் கவர்மென்ட்லேர்ந்து மரம் அனுப்பியிருக்காங்க சம்பந்தி."

"இலையே இல்லையே?"

"ஜீப் வேகம்."

சம்பந்தியம்மா உள்ளே போய் உட்கார்ந்தார். மேளம் கொட்டியது.

ஒரு மரத்தைக் கட்டிவிட்டார்கள். மற்றதற்கு அடியில்லை, நிற்கவில்லை. தாய்மாமன் என்னைப் பார்த்தார். தாலி ஏறும் வரை அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு காக்கி உடுப்பில் வாசலில் நான் நின்றேன். என்மேல் மான் வாசனை. வருகிறவர்களுக்குப் பன்னீர் தெளித்தவர்கள் எனக்கும் தெளித்தார்கள். அந்தப் பன்னீர் போதவில்லை. போட்டோக்காரர் என்னையும் எடுத்தார். அந்த ஆல்பத்தில் இப்போதும் இருப்பேன். யாரோ தூரத்து உறவு என்று நினைப்பார்கள்.

வேலை நிரந்தரமானது. ஸ்டெல்லாவிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் மச்சானிடம் சொன்னாள். அவன் அனகாபுத்தூர் முழுக்கச் சொன்னான்.

சில வருஷம் கழித்து ஸ்டெல்லாவின் தங்கைக்குக் கல்யாணம். அஸ்தினாபுரத்தில் ஒரு மண்டபத்தில் ரிசப்ஷன். போனேன். வாசலில் வாழை மரத்துக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு ஒரு ஆள் உட்கார்ந்திருந்தான். மச்சான் அவனிடம் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தான்:

"யார் வந்தாலும் உள்ள வுடு. எங்க சூசை மச்சான் வந்தா மட்டும் கையைப் புடிச்சுக்கோ."

வாசலே சிரித்தது. ஸ்டெல்லா அதிகமாகச் சிரித்தாள். நான் போய்ச் சாப்பிட்டேன். சாப்பிட்டு வந்து, காலையில் சர்ச்சில் தாலி கட்டியாயிற்றா என்று மாப்பிள்ளையிடமே கேட்டேன். ஆயிற்று என்றார். பாதிரியாரிடமும் கேட்டேன். அவரும் ஆயிற்று என்றார். அதன் பிறகுதான் கத்தியை எடுத்தேன்.

நல்ல மரம். மறுநாள் தாசில்தார் முகர்ந்துகூடப் பார்க்காமல் நேராகத் தின்றது.