அன்புள்ள எலி வக்கீல் அவர்களுக்கு

"என்னங்க, வக்கீல் லைன்ல இருக்கார். எலி வக்கீல்னா யாருன்னு கேக்கறார்," என்று போனை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு மனைவி சொன்னாள்.

மருந்துக்காரர் அப்போதுதான் ஒரு காலில் ஷூ போட்டிருந்தார். மறு கால் அந்தரத்தில் நின்றுவிட்டது.

அந்த வக்கீலை எலி வக்கீல் என்று அழைக்கும் இடம் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். அது மருந்துக்காரருடைய போனின் உட்பக்கம். வக்கீலுக்கு அது தெரிய ஒரு வழியும் கிடையாது.

"நான் வீட்ல இல்லேன்னு சொல்லு."

"பக்கத்துல நின்னு பேசறது எனக்கே கேக்குதேன்னு சொல்றாருங்க."

வீடுகளுக்குப் பூச்சி மருந்து அடிப்பது அவருடைய தொழில். இருபத்திரண்டு வருஷமாக அடிக்கிறார். இந்தத் தொழிலில் மருந்து இரண்டாம்பட்சம். வந்ததும் தெரியக்கூடாது, போனதும் தெரியக்கூடாது, அதுதான் முக்கியம். அதனால் அவருடைய வேனில் ஒரு எழுத்துகூடக் கிடையாது. மருந்தடிக்கும் மெஷினை கீபோர்டு வைக்கும் நீளப் பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு போவார். மூன்று தெருக்களில் அவரைப் பாட்டு வாத்தியார் என்றே நம்பியிருந்தார்கள். ஒரு வீட்டுக்கு மூட்டைப்பூச்சிக்காக நாலு தடவை போக வேண்டியிருந்தது. "பையன் எப்போ மேடை ஏறப் போறான்?" என்று அக்கம்பக்கத்தார் விசாரிக்க ஆரம்பித்ததும், அந்த அம்மாள் வேறு வழியில்லாமல் பையனுக்கு நிஜமாகவே ஒரு கீபோர்டு வாங்கிக் கொடுத்தாள். பையனுக்குக் காது சுத்தமாக இசைக்கு லாயக்கில்லை.

இவ்வளவு சூதானமான மனிதருக்கு ஒரு பலவீனம் உண்டு. மனிதர்களின் பெயர் நினைவில் நிற்காது, பூச்சி நிற்கும். போனில் நூற்று அறுபத்து மூன்று வாடிக்கையாளர்களையும் அப்படித்தான் பதிந்து வைத்திருந்தார். எலி வக்கீல். கரையான் டாக்டர். கரப்பான் டீச்சர். மனைவியின் தூரத்துச் சொந்தம் ஒருவர் மூட்டைப்பூச்சி சித்தப்பா என்று இருந்தார்.

"டேய், இங்க வா," என்று மருந்துக்காரர் மச்சினனைக் கூப்பிட்டார்.

மச்சினன் லேப்டாப்பைத் திறந்தபடியே நடந்து வந்தான். மனைவியின் தம்பி. தொழில் தொடர்பும் விளம்பரமும் பற்றி இரண்டு நாள் வகுப்புக்குப் போய்விட்டு வந்தவன். மூன்றாம் நாள் காலையில் சான்றிதழை லேமினேட் பண்ணிவிட்டான்.

"அனுப்பிட்டேன் மாமா. ஒரே அமுக்குல நூத்தி அறுபத்து மூணு பேருக்கும் போயிடுச்சு. 'எங்கள் சேவை பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதுங்கள்'னு."

"யாருக்குன்னு போட்டு அனுப்பினே?"

"கஸ்டமரைப் பேர் சொல்லிக் கூப்பிடணும் மாமா, அதான் முதல் பாடமே. உங்க போன்ல இருக்கற பேரை அந்த ஆப்பே எடுத்துப் போட்டுக்கும். அன்புள்ள இன்னார் அவர்களுக்குன்னு."

மருந்துக்காரர் ஒற்றை ஷூவோடு சோபாவில் உட்கார்ந்தார்.

தப்பு முழுக்க மச்சினனுடையது என்றும் சொல்ல முடியாது. நல்ல வார்த்தை வேண்டும் என்று கேட்டது அவர்தான். ஊரின் பெரிய லாட்ஜில் அறுபது அறைகள். அங்கே வருஷ ஒப்பந்தத்துக்கு இவரும் இன்னொரு கம்பெனியும் போட்டி. "அவங்க வீடியோ காட்டறாங்க, கஸ்டமர் பாராட்டைக் காட்டறாங்க. உங்களைப் பத்தி வெளியில ஒரு பேச்சே இல்லையே," என்று மேனேஜர் கேட்டிருந்தார். "அதுதாங்க என் திறமை," என்று இவர் பெருமையாகச் சொன்னது எடுபடவில்லை. இன்றைக்கு நாலு மணிக்கு முடிவு.

ஒப்பந்தம் கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதும் முடிவாகியிருந்தது. மூன்று மாதமாக வேலை சரியில்லை. மனைவியின் அண்ணன் பர்னிச்சர் கடை வைத்திருக்கிறார். வாசலில் உட்கார்ந்து வருகிறவர்களை "வாங்க வாங்க" என்று கூப்பிட நம்பிக்கையான ஆள் தேவை. அதற்கென்று ஒரு ஸ்டூலைக்கூட ஒதுக்கி வைத்துவிட்டதாக ஞாயிற்றுக்கிழமை போனில் சொன்னார். இருபத்திரண்டு வருஷம் யார் கண்ணிலும் படாமல் பிழைத்தவர், இனி வாசலில் உட்கார்ந்து வழியில் போகிறவர்களையெல்லாம் பார்த்துச் சிரிக்க வேண்டும்.

"ஒண்ணும் கவலைப்படாதீங்க மாமா. உடனே மன்னிப்புக் கேட்டுட்டா முடிஞ்சு போச்சு," என்றான் மச்சினன்.

"ஒவ்வொருத்தரா போன் பண்ணவா?"

"அதெல்லாம் பழைய காலம். எல்லாரையும் ஒரே குரூப்ல சேர்த்து ஒரே மன்னிப்பு."

வேண்டாம் என்று சொல்ல மருந்துக்காரர் வாயைத் திறந்தார். அதற்குள் குரூப் தயாராகி, அதற்கு 'நம் குடும்பம்' என்று பெயரும் வைத்தாகிவிட்டது. "காலையில் வந்த செய்தியில் சிறு தவறு. அனைவரும் மன்னிக்கவும்," என்று மச்சினன் எழுதினான்.

நூற்று அறுபத்து மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு டீச்சர் ஆரம்பித்தார்.

"மன்னிப்பு இருக்கட்டும். என்னைக் கரப்பான் டீச்சர்னு எழுதினது யார்? இது என்ன மரியாதை?"

அதுவரை அது அவரைத் தவிர யாருக்கும் தெரியாது. இப்போது எல்லோருக்கும் தெரிந்தது. ஆனால் கோபத்தில் அதையெல்லாம் யார் யோசிக்கிறார்கள்? எனக்கு மட்டும் என்ன மரியாதை வந்தது பாருங்கள் என்று ஒவ்வொருவரும் தன் செய்தியைப் படம் பிடித்துப் போட ஆரம்பித்தார்கள். பத்தே நிமிஷத்தில் ஊரின் பூச்சிக் கணக்கெடுப்பு முடிந்துவிட்டது.

அதற்கப்புறம் பேச்சு வேறு பக்கம் திரும்பியது.

"எங்க வீட்ல வெறும் கரப்பான்தான். மூட்டைப்பூச்சி ஆளுங்களோட எங்களை ஏன் சேர்த்தீங்க?"

"கரையான் வர்றதுன்னா வீட்ல நல்ல மரம் இருக்குன்னு அர்த்தம். எல்லார் வீட்லயும் வராது." இது டாக்டர்.

"ஓஹோ, சுவருக்கு அந்தப் பக்கம் நீங்கதானா? அப்போ உங்க வீட்ல இருந்துதான் எங்க வீட்டுக்கு வருதா?"

"அப்படின்னா உங்க பையனோட கீபோர்டு கிளாஸ்?"

"பக்கத்து வீட்ல இருந்தே வருதுன்னா இந்தத் தெருவுல மனுஷன் எப்படிக் குடியிருக்கறது?"

மனைவி கையில் ஒரு போன், தோளில் ஒரு போன் என்று சமாளித்துக்கொண்டிருந்தாள். "சித்தப்பா, அது வேற சித்தப்பா," என்று அவள் சொல்வது சமையலறையிலிருந்து கேட்டது.

"குரூப்பை அழிச்சுடுடா," என்றார் மருந்துக்காரர்.

"அழிச்சா ஓடிப் போயிட்டோம்னு ஆயிடும் மாமா. இந்த மாதிரி நேரத்துல முகத்தைக் காட்டிப் பேசணும். நேரலை. ரெண்டாம் நாள் பாடமே அதான்."

வீட்டில் போன் மணி அடித்துக்கொண்டே இருந்ததால் பேச முடியவில்லை. இருவரும் வேனை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். வெளிச்சம் நன்றாக இருக்க வேண்டும், பின்னால் வெள்ளைச் சுவர் இருக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே மச்சினன் நாலு தெரு சுற்ற வைத்தான். கடைசியில் அகலமான, சுத்தமான ஒரு வெள்ளைச் சுவரைப் பிடித்தான். மருந்துக்காரரைச் சுவரோரம் நிறுத்திவிட்டு எதிர்ப்புறம் போய் நின்றான். மருந்துக்காரர் இருந்த பதற்றத்தில் அது எந்தத் தெரு என்றுகூடக் கவனிக்கவில்லை.

அவர் கை கூப்பினார். மனசு விட்டுப் பேசினார். "பூச்சி வர்றது ஒண்ணும் குத்தமில்லைங்க. வீடுன்னு இருந்தா வரத்தான் செய்யும். நான் உங்களை அசிங்கப்படுத்தணும்னு நினைச்சதே இல்லை," என்றார். கண்கூடக் கலங்கியது. நூறு பேர் பார்த்தார்கள், பிறகு ஐந்நூறு பேர்.

"ஒருத்தர் கேக்கறாரு மாமா," என்று மச்சினன் திரையைப் பார்த்துப் படித்தான். "'இன்னைக்கு அந்த லாட்ஜ்லதான் மருந்தடிக்கிறீங்களா?'"

"எந்த லாட்ஜ்ல?"

மச்சினன் போனிலிருந்து கண்ணை எடுத்து மேலே பார்த்தான். முகம் வெளுத்தது. மருந்துக்காரரும் திரும்பி அண்ணாந்து பார்த்தார். அவர் தலைக்கு நேர் மேலே, ஆள் உயர எழுத்துகளில், லாட்ஜின் பெயர்ப் பலகை. மச்சினன் அதன் பக்கவாட்டுச் சுவரைத்தான் பிடித்திருக்கிறான்.

"ஐயையோ, இல்லைங்க," என்றார் போனைப் பார்த்து. "இந்த லாட்ஜுக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இங்க ஒரு பூச்சிகூடக் கிடையாது."

"போதும் மாமா," என்று மச்சினன் பல்லைக் கடித்தபடி சொன்னான். "நீங்க சொல்லச் சொல்ல இருக்குன்னு ஆகுது."

அதைக் கேட்டதும் அவர் இன்னும் அழுத்திச் சொன்னார். "நான் இந்த இடத்துல மருந்தே அடிச்சதில்லை. அடிக்க வேண்டிய அவசியமே வரல. ஊர்லயே சுத்தமான இடம் இதுதான். என் குடும்பத்தையே கூட்டிட்டு வந்து இங்க தங்க வைப்பேன். கரப்பான் இல்லை, எலி இல்லை, மூட்டைப்பூச்சி இல்லவே இல்லை."

மூட்டைப்பூச்சி இல்லவே இல்லை என்பதை மூன்று முறை சொன்னார். நாலாவது முறை சொல்லும்போது மச்சினனின் போன் சார்ஜ் தீர்ந்து அணைந்தது. அன்று காலையிலிருந்து நடந்த ஒரே நல்ல காரியம் அதுதான்.

இருவரும் வீடு திரும்பினார்கள். மனைவி கதவைத் திறந்தாள். அவளும் வீடியோவைப் பார்த்திருந்தாள். திட்டவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் திட்டாமல் இருந்ததுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

"ஸ்டூல்ல முதுகு சாய முடியுமான்னு உங்க அண்ணனைக் கேட்டு வை," என்றார்.

மூன்றரை மணிக்கு லாட்ஜிலிருந்து போன் வந்தது. வரவேற்பு மேஜைப் பெண் பேசினாள். பின்னால் ஒரே கூச்சல். "சார், மேனேஜர் உங்களை இப்பவே வரச் சொல்றார். இந்த நிமிஷமே."

"கோபமா இருக்காராம்மா?"

"பேசற நிலைமையில இல்லை சார்," என்று சொல்லி வைத்துவிட்டாள்.

போகாமல் இருந்துவிடலாமா என்று யோசித்தார். இருபத்திரண்டு வருஷத்தில் கூப்பிட்ட வீட்டுக்குப் போகாமல் இருந்ததில்லை. திட்டு வாங்கவாவது போக வேண்டும் என்று பழக்கதோஷத்தில் கீபோர்டு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினார். ஷூவை இரண்டு காலிலும் போட்டிருக்கிறோமா என்று வாசலில் ஒரு தரம் பார்த்துக்கொண்டார்.

லாட்ஜின் முன்கூடத்தில் கால் வைக்க இடமில்லை. பெட்டிகள், பைகள், அழுகிற குழந்தைகள். எல்லோரும் முதுகைக் காட்டியபடி மேஜையை நோக்கி முண்டியடித்துக்கொண்டிருந்தார்கள். எங்கேயோ உள்ளே மேனேஜரின் குரல் கம்மிப்போய்க் கேட்டது. லாட்ஜே ஒட்டுமொத்தமாகக் காலியாகிறது என்று மருந்துக்காரருக்குப் புரிந்தது. இத்தனை பேரையும் ஒற்றை வாயால் விரட்டிவிட்டோமே என்று நொந்துகொண்டார். தூணுக்குப் பின்னால் ஒதுங்கி, சுவரோரமாகவே நடந்து, மேஜையின் பக்கவாட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்.

"என்னை மன்னிச்சுடும்மா," என்றார் அந்தப் பெண்ணிடம். "இதுவரைக்கும் எத்தனை ரூம் காலியாச்சு?"

அவள் ரிஜிஸ்டரிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"காலியா? அறுபது ரூமும் நிரம்பிடுச்சு சார், உங்க வீடியோவை நம்பி உங்க கஸ்டமருங்கதான் பக்கத்து வீட்டுக்குப் பயந்து குடும்பத்தோட வந்திருக்காங்க, அவங்கவங்க மெத்தை தலையணையோட. மேனேஜர் உங்க வருஷ ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டு வெச்சுட்டார், முதல்ல மெஷினை எடுங்க."